பழைய கார் வாங்கியாச்சு: முதல் மூன்று வாரத்தில் நாமே செய்ய வேண்டியவை

"போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்" என்று சொல்லாமல் யாரும் பழைய கார் விற்பதில்லை. எனக்கு 2014 வேகன்-ஆர் விற்றவரும் சொன்னார். நல்ல மனிதர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன். மண்ணும் பிசுக்கும் சேர்ந்து அதன் மேல் ஆமை ஓடு மாதிரி படிந்திருந்தது. ஒரு மாதத்தில் சேரக்கூடிய மண் இல்லை அது. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். ஆயிலை மட்டும் மாற்றி ஃபில்டரை அப்படியே விட்டிருக்கலாம், அதுவும் அவருக்கே தெரியாமல்.

அதனால் பழைய கார் வாங்கும் நண்பர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். விற்றவர் சொல்லும் கதையைக் கேளுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த ஆயில் எப்போது மாற்றியது என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே எழுதுவதெல்லாம் என் காரை வைத்துத்தான்: 998 சிசி, மூன்று சிலிண்டர், கே10பி பெட்ரோல் என்ஜின், சாதாரண மேனுவல் கியர். ஆல்டோ கே10, செலேரியோ வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். மற்ற சின்ன பெட்ரோல் கார்களுக்கும் வழிமுறை இதுதான், அளவுகள் மட்டும் மாறும். அதற்கு ஓனர் மேனுவலைப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டியில் இல்லாவிட்டால் கம்பெனியின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் காகித வேலை ஒன்று. ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குப் பலரும் அலைவார்கள், இன்சூரன்ஸை மறந்துவிடுவார்கள். கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சரி, இனி காருக்கு வருவோம்.

முதல் வாரம்: ஸ்பானரை எடுக்காதீர்கள்

கார் வந்ததும் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, நேராக வாட்டர் சர்வீஸுக்கு விடுவதுதான் நம் வழக்கம். பூஜை வரைக்கும் சரி. வாட்டர் சர்வீஸை மட்டும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். என்ஜின் மேல் இருக்கும் அழுக்கு நமக்குத் தடயம். எங்கே கசிகிறது, எந்த மூடி பல வருடமாகத் திறக்கப்படவே இல்லை, எந்த போல்ட்டில் மட்டும் புதுக் கீறல் இருக்கிறது என்பதையெல்லாம் அந்த அழுக்குதான் சொல்லும். கார் கைக்கு வரும்போதே என்ஜின் பளபளவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முதல் நாள் இரவே ஒரு வேலை செய்யலாம். ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, காரின் முன்பகுதிக்குக் கீழே விரித்து விடுங்கள். முன்டயர் எங்கே நிற்கிறது என்று அட்டையில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிசுபிசுவென்று இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறத்தில் தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். டயரின் உள்பக்கத்துக்கு நேராக, மெல்லிய எண்ணெய் போல இளமஞ்சளாக ஒரு சொட்டு இருந்தாலும் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் காரை எடுக்க வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து சொட்டியது, கவலை இல்லை.

என் அட்டையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஆயில் வட்டம் இருந்தது. எங்கிருந்து என்பது ஆயில் மாற்றும்போதுதான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை, என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கேஜை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தயிர் ஆடை மாதிரி வெளுத்த பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், அதாவது ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் உள்ள சீல்) போயிருக்கலாம். ஆனால் உடனே பயப்பட வேண்டாம். தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடிய காரிலும், என்ஜின் சூடேறாமலே நிற்பதால் மூடியில் இப்படிப் படியும். கேஜிலும் அதே வெளுப்பு இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் விஷயம் பெரியது.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நின்று புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. கறும்புகை பெட்ரோல் அதிகம் போவது. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது. குளிர்ந்த காலையில் முதல் ஒரு நிமிடம் வரும் வெள்ளை ஆவி எல்லாக் காரிலும் வருவதுதான்.

அடுத்து வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்று, இரண்டு மூன்று கை மாறி, உங்கள் ஊருக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள், அங்கே சேற்றுக் கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் வண்டல், ஸ்டெப்னி குழியில் மண் என்று எது இருந்தாலும் நோட்டில் எழுதுங்கள். வாங்கிய பிறகு பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. வெள்ளத்தில் நின்ற கார் என்று தெரிந்தால், வீல் பேரிங், கியர் ஆயில், வயரிங் கனெக்டர்கள் இவற்றை முதலில் பார்ப்பீர்கள். ஏழெட்டு மாதம் கழித்து நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்காது.

நோட்டு என்று சொன்னேன். ஐம்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் தேதியும் ஓடிய கிலோமீட்டரும். இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் செய்தது. போனில் எழுதலாம்தான், ஆனால் கிரீஸ் கையோடு போனைத் தொட எனக்கு மனம் வருவதில்லை.

கடைசியாக, என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் போனில் காட்டும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். இ.எல்.எம்.327 என்று கேட்டால் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓ.பி.டி.-2 கட்டாயம் என்பதால், ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் செருகும் இடம் இருக்கும். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தால் அதோடு விடாதீர்கள், 'ரெடினெஸ்' என்ற பக்கத்தையும் பாருங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால் யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்கேனர் இல்லாமலே பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் என்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் விளக்கையே பிடுங்கியிருப்பார்கள்.

டயரும் பிரேக்கும்

ஆயிலை விட இது அவசரம். ஆயில் கெட்டால் என்ஜின் போகும், பிரேக் கெட்டால் நாம் போவோம்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். பட்டன் (ரோட்டில் படும் மேடு பள்ளமான பகுதி) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயர் எனக்கு வேண்டாம். நம் வெயிலில் ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் முடி போல வெடிப்பு விடும், ஹைவேயில் அது சட்டென்று கிழியும். பட்டன் இடுக்குகளில் சின்ன மேடுகள் இருக்கும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்பக்கம் மட்டும் அல்லது வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. நடுவில் மட்டும் என்றால் காற்று அதிகம், இரு ஓரமும் என்றால் காற்று குறைவு.

காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் ஓட்டும் முன் பார்ப்பதுதான் சரியான அளவு. பெட்ரோல் பங்க்குக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் பார்த்தால் சூட்டில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் ஜாக்கி. காரோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு வாங்குங்கள், இந்த வேலையில் கஞ்சத்தனம் கூடாத ஒரே பொருள் அதுதான். ஹாலோ பிளாக், செங்கல் எதையும் முட்டுக்கொடுக்க வேண்டாம், எடை ஏறினால் பொலபொலவென்று உடையும். சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, தூக்காத பக்க டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். வேகன்-ஆருக்கு வீல் நட் 19-ம் நம்பர். தூக்கி ஸ்டாண்டில் இறக்கியதும் காரை நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

முன்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிஸ்க்கும் அதைப் பிடித்து நிறுத்தும் பேடும் கண்ணுக்குத் தெரியும். பேடின் இரும்புத் தகடு இல்லாமல் உராயும் பகுதி மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். உள்பக்கப் பேடையும் பாருங்கள், பல சமயம் அதுதான் முதலில் தேயும். அப்படியே சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஆக்ஸிலின் ரப்பர் உறையைத் தடவிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ரிம்மின் உள்பக்கம் எல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும். அந்த நிலையில் பிடித்தால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். முழுக்கத் திருப்பி ஓட்டும்போது டக்டக்கென்று சத்தம் வரும்வரை விட்டால் ஜாயின்டே போயிருக்கும். பின்சக்கரம் டிரம் பிரேக். அதன் ஸ்பிரிங்குகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போராடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறக்காமலே பார்க்கலாம். புதுசு தேன் கலந்த தண்ணீர் நிறம். காபி டிகாஷன் மாதிரி இருந்தால் வருடக்கணக்காக மாற்றவில்லை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதையும் நான் மெக்கானிக்கிடம்தான் செய்வேன், ஆனால் பக்கத்திலேயே நின்று. எந்த டாட் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், சீல் உடைக்காத சின்ன டின்னாக நாமே வாங்கிப் போவது நல்லது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டை உரித்துவிடும்.

பேட்டரி, வயர், எலி

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ் என்று கழற்றுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிப் பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, மாட்டியபின் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மாட்டும்போது நெகடிவ் கடைசி.

பழைய கார்களில் பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் முந்தைய ஓனர் மாட்டிய சாமான்கள்தான்: மியூசிக் சிஸ்டம், ரிமோட் லாக், ஏர் ஹாரன், ஸ்டீயரிங்குக்குக் கீழே நீல லைட். எல்லாம் வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காரைப் பூட்டி அரைமணி நேரம் கழித்து, நெகடிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். கேபிளைக் கழற்றி மாட்டினால் கார் ஒருமுறை விழித்துக்கொள்ளும், எண் அடங்கச் சில நிமிடம் பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 200 காட்டினால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-அவர் போகிறது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே வாரத்தில் படுத்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறதோ அந்த வழியில் இருக்கிறான் திருடன். மீட்டர் இப்படி இருக்கும்போது மட்டும் மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்புதான் இருக்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் போட்டிருந்தால் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், உருகியிருக்கலாம்.

எலியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். புகையிலை வைப்பது, நாப்தலின் உருண்டை, ஸ்பிரே என்று எல்லாம் செய்து பார்த்தாச்சு. தினமும் ஓட்டுகிற காரில் எலி தங்குவதில்லை, அதுதான் எனக்குப் பலித்த மருந்து. இப்போதைக்கு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து கூடு இருக்கிறதா என்றும், வயர்களில் பல் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் ஹோஸையும் அப்போதே தடவிப் பாருங்கள். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய கார்களில் பல அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ரப்பர் ஊறி மெத்தென்று இருந்தாலோ, வெடிப்போ வாடையோ இருந்தாலோ ஹோஸை மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை.

இரண்டாம் வாரம்: என்ஜின் ஆயில்

முதன்முதலாக ஸ்பானர் பிடிப்பவருக்கு ஏற்ற வேலை இது. தேவையானவை: மேனுவலில் போட்ட கிரேடில் ஆயில் (கே10பி போன்ற கே-சீரிஸ் என்ஜினுக்கு 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20), ஒரிஜினல் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கும் போல்ட்) புது வாஷர், ரிங் ஸ்பானர் செட், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், அகலமான பழைய பேசின், பனியன் வேஸ்ட் அரைக் கிலோ. "20டபிள்யூ-50 போடுங்க, கெட்டியா நிக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். தேய்ந்த என்ஜினின் சத்தத்தை மறைக்கத்தான் அந்தக் கெட்டி உதவும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் பாகங்களுக்கு ஏறுவதற்கு அது அதிக நேரம் எடுக்கும்.

ஐந்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள். கொதிக்கக் கூடாது, கை வெந்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் கீழே சரளமாக இறங்கும். பேசினை நேர் கீழே வைக்காமல் ஒரு ஜாண் தள்ளி வையுங்கள், முதலில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். என்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை ஸ்பானரால் தளர்த்தி, கடைசி மரைகளைக் கையால், போல்ட்டை உள்பக்கம் அழுத்தியபடியே சுற்றி, மரை முடிந்ததும் சட்டென்று கையை எடுங்கள். எப்படியும் போல்ட் ஒருமுறை பேசினுக்குள் விழும். எல்லோருக்கும் விழும்.

ஆயில் நூலாகி, சொட்டாகி நிற்கும்வரை கால் மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி லேசாக இருந்தால் சகஜம். மினுமினுக்கும் துகள்கள், சீவல்கள் இருந்தால் நோட்டில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என் காரின் கசிவு இங்கேதான் இருந்தது. பழைய வாஷர் தகடாக நசுங்கி, அதை ஈடுகட்ட யாரோ போல்ட்டை உயிர் போகிற மாதிரி இறுக்கி, மரை பாதி போயிருந்தது. மரையைச் சரிசெய்ய லேத்துக்குப் போக வேண்டியதாயிற்று. புது வாஷரின் விலையோ ஒரு டீ விலைதான்.

இப்போது ஃபில்டர். ரெஞ்சால் தளர்த்திக் கையால் கழற்றுங்கள், அதிலிருந்தும் ஆயில் வழியும். கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது, ஃபில்டரின் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்பது. சில சமயம் அது என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையமாகி, ஸ்டார்ட் செய்த சில நொடியில் ஆயில் மொத்தமும் தரைக்கு வரும். நான் செய்திருக்கிறேன். என் மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் சுற்றி, வளையம் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று. ரெஞ்ச் வேண்டாம்.

டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு கையால் மரையில் ஏற்றுங்கள். சுலபமாக ஏற வேண்டும், முரண்டு பிடித்தால் கழற்றி மறுபடி. கடைசியில் ஸ்பானரை ஒரு கையால் இறுக்கினால் போதும், காலால் மிதிக்கிற வேலை வேண்டாம். ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் சமதளத்தில் வைத்து, இரண்டரை லிட்டர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேஜைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. டின்னில் மூன்று லிட்டர் இருக்கிறது என்பதற்காக மூன்றையும் ஊற்றாதீர்கள், அதிகமானாலும் கெடுதல். ஸ்டார்ட் செய்து ஆயில் விளக்கு அணைகிறதா பாருங்கள், ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே டார்ச் அடித்துக் கசிவு பாருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கடைசியாகக் கேஜ்.

பழைய ஆயில் தார் போல வந்திருந்தால் அடுத்த மாற்றத்தை 10,000 கிலோமீட்டர்வரை தள்ளாமல் 3,000-லேயே செய்யுங்கள். புது ஆயில் உள்ளேயிருக்கும் கசடைக் கரைத்துக்கொண்டு வரும். அதற்கு அதுவே போதும், ஃபிளஷ் திரவம் எல்லாம் வேண்டாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்களுடைய பேரலில் சேர்த்துக்கொள்வார்கள்.

கூலன்ட்

நம் ஊரில் பனி உறையாது, எதற்குக் கூலன்ட், தண்ணியே போதும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி போர்வெல் உப்புத் தண்ணீர் குடித்த ரேடியேட்டரை வெட்டிக் காட்டினார் எங்கள் தெரு மெக்கானிக். வெந்நீர்ப் பானைக்குள் படிகிற மாதிரி சுண்ணாம்பு அடைத்திருந்தது. கூலன்டின் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும். பாதிக்குப் பாதி கலவை, 15 பி.எஸ்.ஐ. மூடியோடு சேர்ந்தால், 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மே மாதம் ஏசியோடு டிராஃபிக்கில் நிற்கும்போது அது தேவை.

மாற்றுவதற்கு என்ஜின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. கீழே வடிகுழாயைத் திறந்து, அது இல்லாவிட்டால் கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, பேசினில் பிடியுங்கள். துருநிறமாக வந்தால் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, சூடாகும்வரை ஓட்டி, ஆறவைத்து, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை ஆகலாம். பிறகு கலந்தே விற்கும் பிரீமிக்ஸ் கூலன்டை நிரப்புங்கள், கணக்குப் போடும் வேலை மிச்சம். மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். குமிழிகள் வந்து மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் சூடானதும் மூடியைப் போட்டு, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவைப் பார்த்து மறுபடி நிரப்புங்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். பேசினை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

மூன்றாம் வாரம்: மீதி

ஏர் ஃபில்டரையும், இருந்தால் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ள ஏசி ஃபில்டரையும் மாற்ற ஸ்பானர்கூடத் தேவைப்படாது. ஏசி சரியாகக் குளிரவில்லை என்று கேஸ் ஏற்றப் போகும் முன் அந்த ஃபில்டரைப் பாருங்கள். என் காரில் அது கம்பளிப் போர்வை மாதிரி இருந்தது.

ஸ்பார்க் பிளக் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு காயில், பத்தாம் நம்பர் போல்ட். ஆறிய என்ஜினில் மட்டும் கழற்றுங்கள், ஹெட் அலுமினியம், சூட்டில் மரை உரிந்துவிடும். குழிக்குள் இருக்கும் தூசியை ஊதிவிட்டுக் கழற்றுங்கள். முனை செங்கல்பொடி நிறத்தில் இருந்தால் என்ஜின் ஆரோக்கியம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் பிசுக்கு என்றால் ஆயில் ஏறுகிறது. புதுப் பிளக்கைக் கையால் கடைசிவரை சுற்றி, வாஷர் அமர்ந்தபின் அரைச் சுற்று மட்டும் இறுக்குங்கள். ஒன்றைக் கழற்றி மாட்டியபின் அடுத்தது.

கியர் ஆயிலில் ஒரே ஒரு விதி: முதலில் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்துங்கள், பிறகுதான் வடிக்கும் போல்ட். வடித்துவிட்டு ஊற்றும் போல்ட் அசையவில்லை என்றால் காரை நகர்த்த முடியாமல் உட்கார வேண்டியதுதான். 75டபிள்யூ ரகத்தில் ஜி.எல்.-4 என்று பார்த்து வாங்குங்கள்.

என்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்க கே10பி-யில் இருப்பது டைமிங் செயின், அதனால் பெல்ட் அறுந்துவிடுமோ என்ற கவலை இல்லை. நீங்கள் வாங்கியது சான்ட்ரோ ஜிங் என்றாலோ 2010-க்கு முந்தைய வேகன்-ஆர் என்றாலோ அது பெல்ட். எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் இந்த வாரமே மெக்கானிக்கிடம் விடுங்கள். அறுந்தால் வால்வுக்கும் ஆபத்து, பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது. ஏர்பேக் வயர், ஏசி கேஸ், கிளட்ச், அலைன்மென்ட் இவையும் வெளியே கொடுக்க வேண்டியவை. கிளட்ச்சை மட்டும் நீங்களே சோதித்துவிடுங்கள்: காலியான ரோட்டில் நாலாம் கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் ஏறாமல் என்ஜின் மட்டும் கத்தினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

இதெல்லாம் முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ஆயில் கேஜையும் கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். அன்று இரவு புது அட்டை ஒன்றை எடுத்து அதே இடத்தில் விரித்து விடுங்கள். காலையில் அது சுத்தமாக இருந்தால், இப்போது வாட்டர் சர்வீஸுக்கு விடலாம்.